ஊர்வாயும் உலைமூடியும்: அவை இல்லாத பதினோராண்டுகள்

பார்லிமெண்ட் என்ற சொல்லின் வேர், பேசுதல் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சு வினைச்சொல். நாம் அதை நாடாளுமன்றம் என்று தமிழாக்கியபோது ஆளுதல் முன்னுக்கு வந்தது. பேசுதல் பின்னுக்குப் போயிற்று. சபாநாயகர் என்ற சொல்லிலும் இதே மாற்றத்தைக் காணலாம். நமக்கு அவர் சபைக்கு நாயகர். ஆங்கிலத்தில் அவர் ஸ்பீக்கர், அதாவது பேசுபவர். காமன்ஸ் சபையின் சார்பாக அரசனிடம் சென்று பேசுவதற்கென்று ஏற்பட்ட பதவி அது. சொல்லாராய்ச்சியில் இறங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ஓர் அரசு நாடாளுமன்றத்தை முடக்கும்போது உண்மையில் எது முடக்கப்படுகிறது என்பதை இந்த வேர்ச்சொல் நினைவூட்டுகிறது. பேசுவதற்கென்று நாடு வைத்திருக்கும் இடம் மூடப்பட்டால் பேச்சு எங்கே போகும்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம்மவர் கூற்று. அது எந்த அளவுக்கு உண்மை?

இங்கிலாந்தின் பதினேழாம் நூற்றாண்டு இக்கேள்விக்கு வளமான விடைகளைத் தருகிறது. ஒரே தலைமுறைக்குள் அரசன் ஒருமுறையும், அரசனை வென்றவர் ஒருமுறையும் அங்கே அவையைப் பூட்டினார்கள். இரண்டு முறையும் ஊர் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. ஆனால் அவ்விரண்டு அமைதிகளும் ஒன்றல்ல.

1629ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள். காமன்ஸ் சபையை ஒத்திவைக்குமாறு முதலாம் சார்லஸ் மன்னரின் ஆணை வந்திருந்தது. சபாநாயகர் ஜான் ஃபின்ச் ஆணைப்படி எழ முயன்றார். டென்சில் ஹோல்ஸ், பெஞ்சமின் வாலண்டைன் என்ற இரு உறுப்பினர்கள் அவரைப் பிடித்து நாற்காலியிலேயே அமர்த்தினர். சபாநாயகர் எழுந்துவிட்டால் சபை கலைந்ததாகிவிடும். அவர் அமர்ந்திருக்கும்வரை சபை உண்டு. கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது. அரசனின் தூதுவர் வெளியே நின்றார். சபையின் இசைவின்றிச் சுங்கவரி வசூலிக்க ஆலோசனை கூறுவோரும், அதை விரும்பிச் செலுத்துவோரும் நாட்டின் பகைவர்கள் என்னும் தீர்மானங்களை ஹோல்ஸ் உரக்கப் படித்தார். உறுப்பினர்கள் ஆம் என்று ஆர்ப்பரித்தனர். ஃபின்ச் அழுதார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. சபைக்காகப் பேசவேண்டியவர் அரசனின் ஆணைக்கும் சபையின் பிடிக்கும் இடையில் கண்ணீரோடு அமர்ந்திருந்த காட்சி அது. இந்த ஃபின்ச்சை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அவர் மீண்டும் வருவார்.

எட்டு நாட்களில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஒன்பது உறுப்பினர்கள் சிறையிடப்பட்டனர். அவர்களில் முதன்மையானவரான சர் ஜான் எலியட், மன்னிப்புக் கேட்க மறுத்து, 1632 நவம்பரில் லண்டன் கோட்டைச் சிறையிலேயே உயிர்விட்டார். தந்தையின் உடலைக் கார்ன்வாலில் உள்ள சொந்த ஊருக்குக் கொண்டுசெல்ல மகன் விண்ணப்பித்தார். இறந்த இடத்தின் தேவாலயத்திலேயே புதைக்கப்படட்டும் என்று அரசர் மறுத்துவிட்டார். வாலண்டைனும், வில்லியம் ஸ்ட்ரோட் என்ற மற்றோர் உறுப்பினரும் 1640 வரை வெளியே வரவில்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? முதலில் செயல்பட்டவர்கள் வணிகர்கள். சபை தடுத்த வரியைச் செலுத்துவதைவிடச் சரக்கையே இறக்காமலிருப்பது மேல் என்று லண்டன் வணிகர் பலர் சில மாதங்கள் வாணிபத்தை நிறுத்தி வைத்தனர். ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்ற வணிகர், துருக்கியில்கூட வணிகர்கள் இங்கிலாந்தில்போல் பிழியப்படுவதில்லை என்று முந்தைய ஆண்டே பேசியதற்காக ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் அவருக்கு 2,000 பவுண்டு அபராதம் விதித்தது. மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்திடச் சொன்னபோது, இது அநீதியானது, பொய்யானது, சாகும்வரை இதை ஏற்கமாட்டேன் என்று அதிலேயே எழுதிக்கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தார். ஆனால் வணிகம் எத்தனை நாள் பட்டினி கிடக்கும்? சரக்குகள் மீண்டும் இறங்கின, வரியும் செலுத்தப்பட்டது. நாடாளுமன்றம் எப்போது கூடும் என்று அரசருக்கு நாள் குறிப்பது அதிகப்பிரசங்கித்தனம் எனக் கொள்ளப்படும் என்று 1629 மார்ச் மாதமே ஓர் அரச பிரகடனம் வெளியாகியிருந்தது. அவை மட்டுமின்றி, அவையைப் பற்றிய பேச்சும் மூடப்பட்டது.

அடுத்து வந்தவை பதினோராண்டுகள். நம் சென்னைக் கரையில் கோட்டை கட்ட ஆங்கிலக் கம்பெனி இடம் பெற்ற 1639இலும் அவர்களது சொந்த நாட்டில் நாடாளுமன்றம் இல்லை என்பது நம் பாடநூல்களில் யாரும் இணைத்துச் சொல்லாத செய்தி. இக்காலத்தை இங்கிலாந்து முன்பறியாத அமைதியும் செழிப்பும் நிறைந்த காலம் என்று அரச ஆதரவாளரான கிளாரண்டன் பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் எழுதினார். அதை வெறும் விசுவாசப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கெவின் ஷார்ப் போன்ற இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களும் அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியில் வெளிப்படையான எதிர்ப்பு மிகக் குறைவே என்று காட்டியிருக்கிறார்கள். வயல்கள் விளைந்தன, ஐரோப்பா முப்பதாண்டுப் போரில் எரிந்துகொண்டிருக்க, இங்கிலாந்து போரின்றி இருந்தது. கடலோர ஊர்களுக்கு மட்டுமே உரிய பழைய கப்பல் பணத்தை 1635இல் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் அரசர் விரித்தபோதுகூட, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு என்ற அந்தச் சுமையில் மிகப் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளில் ஒழுங்காக வந்துசேர்ந்தது.

அப்படியானால் மக்கள் சம்மதித்துவிட்டார்களா? அரசவை அப்படித்தான் எண்ணியது. பணம் வந்தது, ஆகவே மனமும் வந்தது என்று கணக்கெழுதினார்கள்.

அந்தக் கணக்கை ஒருவர் 20 ஷில்லிங்கில் சோதித்துப் பார்த்தார். பக்கிங்ஹாம்ஷயரின் செல்வந்தர் ஜான் ஹாம்ப்டன், தம் நிலமொன்றின்மீது விதிக்கப்பட்ட அந்தச் சிறு தொகையைச் செலுத்த மறுத்தார். அவருக்கு அது கைச்செலவு. ஆனால் நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி இல்லை என்று 1628இன் உரிமை மனுவில் அரசர் ஒப்பியிருந்தார். கப்பல் பணத்துக்கு அத்தகைய இசைவு இல்லை. 1637இல் பன்னிரண்டு நீதிபதிகள் முன் வழக்கு விசாரணைக்கு வந்தது. அவை இல்லாத நாட்டில், அவையில் நடந்திருக்கவேண்டிய விவாதம் நீதிமன்றத்தில் நடந்தது. 1638இல் ஏழுக்கு ஐந்து என்ற கணக்கில் அரசர் வென்றார். அரசர் பக்கம் மிக வலுவாகத் தீர்ப்புரைத்தவர் யார்? ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாற்காலியில் அமுக்கப்பட்டு அழுத அதே ஜான் ஃபின்ச். இப்போது தலைமை நீதிபதி. அரசரின் இந்த அதிகாரத்தை நாடாளுமன்றச் சட்டங்களாலும் பறிக்க இயலாது என்றார். கப்பல் பணத்தை மக்கள் அதுவரை ஒரு சுமையாகச் சுமந்தார்கள், இத்தீர்ப்புரைக்குப் பின்னரே அதை வெறுத்தார்கள் என்னும் பொருள்பட எழுதியவர் அதே கிளாரண்டன்தான். அடுத்த ஆண்டே வசூல் சரிந்தது; 1639இல் கோரிய தொகையின் பெரும்பகுதி வரவேயில்லை.

பேச்சு வேறு இடங்களிலும் வெளிவரத் தொடங்கியிருந்தது. 1637 ஜூனில் பிஷப்புகளை எதிர்த்து எழுதிய பிரின், பர்ட்டன், பாஸ்ட்விக் என்ற மூவரின் காதுகள் பொதுவிடத்தில் அறுக்கப்பட்டன. அச்சுறுத்துவதற்காக அமைத்த மேடை அது. கூடியிருந்தவர்களோ அவர்கள் நடந்த வழியில் மூலிகைகளையும் பூக்களையும் தூவினார்கள். அடுத்த மாதம் எடின்பரோவின் செயின்ட் கைல்ஸ் ஆலயத்தில், அரசர் திணித்த புதிய வழிபாட்டு நூலை வாசிக்கத் தொடங்கியதும் கலவரம் மூண்டது. ஸ்காட்லாந்து கிளர்ந்தெழுந்தது, போர் வந்தது, போருக்குப் பணம் வேண்டியிருந்தது, பணத்துக்கு நாடாளுமன்றம் வேண்டியிருந்தது.

1640 ஏப்ரலில் கூடிய அவை, குறைகளைத் தீர்த்தபின்பே பணம் என்றது. மூன்று வாரத்தில் அதையும் அரசர் கலைத்தார். இம்முறை ஊர் பொறுக்கவில்லை. லண்டனின் தொழிற்பயிலும் இளைஞர்கள் பேராயர் லாடின் லாம்பெத் மாளிகையைத் தாக்கினார்கள். நவம்பரில் மீண்டும் அவை கூடியபோது மாவட்டந்தோறும் இருந்து முறையீடுகள் வந்து குவிந்தன. பிஷப்புகளை வேரோடும் கிளையோடும் நீக்கக் கோரிய லண்டன் மனுவில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் ஒப்பமிட்டிருந்தனர். காதிழந்த பிரின்னும் பர்ட்டனும் ரோஸ்மேரித் தழை சூடிய கூட்டத்தின் நடுவே லண்டனுக்குள் வந்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட ஃபின்ச் ஹாலந்துக்கு ஓடினார். மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் நாடாளுமன்றம் கூடியே தீரவேண்டும் என்ற சட்டத்துக்கு 1641 பிப்ரவரியில் அரசர் இசைந்தபோது நகரில் மணிகள் முழங்கின. பதினோராண்டு அமைதி எதை அடக்கி வைத்திருந்தது என்பது அந்தச் சில மாதங்களில் தெரிந்தது.

இங்கே நிறுத்திவிட்டால் கதை இனிதாக முடியும். ஆனால் 1653 ஏப்ரல் 20 என்றொரு நாள் இருக்கிறது. மணி முழங்கி வரவேற்கப்பட்ட அதே நாடாளுமன்றம் பொதுத்தேர்தலே இன்றிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, இராணுவத்தால் களையெடுக்கப்பட்டு, எஞ்சியோர் சபையாகச் சுருங்கிவிட்டிருந்தது. ஆலிவர் கிராம்வெல் துப்பாக்கி வீரர்களோடு வந்து உறுப்பினர்களை வெளியேற்றிக் கதவைப் பூட்டினார். சார்லஸ் தம் நாளில் செய்ததைவிட அப்பட்டமான செயல் அது. ஒரு நாய் குரைத்த ஒலிகூடக் கேட்கவில்லை என்று கிராம்வெல் பின்னர் சொன்னார். யாரோ ஒருவர் மட்டும், வீடு வாடகைக்கு, தட்டுமுட்டுச் சாமான் இல்லை என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். 1629இன் அமைதி, பேச விரும்பியும் இடமற்றுப் போனவர்களின் அமைதி. 1653இன் அமைதி, பூட்டப்பட்ட அந்த இடத்தைத் தம்முடையது என்று கருதாதவர்களின் அமைதி.

இந்நினைவுகள் ஏட்டில் மட்டும் உறங்கவில்லை என்பதை 2019 காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நாள் நெருங்கிக்கொண்டிருக்க, பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆகஸ்ட் 28ஆம் நாள் அரசியிடம் ஆலோசனை கூறி நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு முடக்க ஆணை பெற்றார். அன்று மாலையே வெஸ்ட்மின்ஸ்டர் வீதிகளில் கூட்டம் திரண்டது. எதிர்ப்பு மனுவில் பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவை முடியும் நள்ளிரவில், செப்டம்பர் 10 அதிகாலையில், எதிர்க்கட்சி உறுப்பினர் சிலர் சபாநாயகர் ஜான் பெர்கோவை எழவிடாமல் தடுக்க முயன்றார்கள். 390 ஆண்டுகளுக்கு முந்தைய ஹோல்ஸின் கைகளை நினைத்துச் செய்த செயல் அது. இரு வாரத்தில் உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஆலோசனை சட்டத்துக்குப் புறம்பானது என்றனர். நாடாளுமன்றம் முடக்கப்படவே இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஹாம்ப்டன் ஏழுக்கு ஐந்தில் இழந்ததை வரலாறு பதினொன்றுக்குச் சுழியம் என்று திருப்பித் தந்ததாகச் சிலர் மகிழ்ந்தனர்.

ஆனால் அதே டிசம்பரில் நடந்த தேர்தலில் அதே பிரதமர் 365 இடங்களோடு வென்றார். 2016 பொதுவாக்கெடுப்பின் முடிவை நிறைவேற்றாமல் இழுத்தடித்தது அவைதான் என்று எண்ணியவர்களுக்கு, அவையின் கதவு சில வாரம் பூட்டப்பட்டது பெருங்குற்றமாகப் படவில்லை. வீதியில் 1640இன் குரல் கேட்டபோது, வீடுகளில் 1653இன் மௌனமும் இருந்தது.

அவையைப் பூட்டுவோர் ஊரின் அமைதியைச் சம்மதம் என்று வரவு வைத்துக்கொள்வார்கள். சார்லஸ் அப்படி வைத்து ஏமாந்தார். அவையில் அமர்ந்திருப்போர் ஊரின் அன்பைத் தமக்கு நிலையான சொத்து என்று எண்ணுவார்கள். 1653இன் உறுப்பினர்கள் அப்படி எண்ணி ஏமாந்தார்கள். நாற்காலியில் சபாநாயகரைப் பிடித்து அமர்த்த இரண்டு கைகள் போதும். கதவுக்கு வெளியே நிற்கும் மக்கள், உள்ளே நடப்பது தங்கள் பேச்சு என்று நம்பவேண்டும். அந்த நம்பிக்கை இருந்தவரை பதினோராண்டுப் பூட்டும் அவையை அழிக்கவில்லை. அது போனபின் ஒரு காலைப்பொழுது போதுமானதாயிற்று.