டாஸ்மேனியா: ஆடு மேய்ந்த புல்லில் கோல்ஃப்

கல்கத்தாக்காரர்களிடம் கோல்ஃப் என்று வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான்: பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழைய கோல்ஃப் கிளப் எங்களுடையது, 1829. உண்மைதான். லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்த 16 வருஷத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால்தான், 1822-ல் டாஸ்மேனியாவுக்கு வந்திறங்கிய அலெக்சாண்டர் ரீட் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் குடும்பம் போத்வெல் என்ற சின்ன ஊரில் தங்கள் ஆட்டுப் பண்ணையிலேயே மட்டையைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டது என்று படித்ததும் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஆட்டம் வேறு, கிளப் வேறு என்று பக்கத்து சீட் முகர்ஜி பாபு உடனே திருத்தினார். அதுவும் நியாயம்தான்.

மெல்பர்னில் ஆபீஸ் வேலை முடிந்து 9 நாள் லீவு கிடைத்தது. வாடகைக் கார், ஒரு கூடாரம், ஏழு மட்டை கொண்ட அரை செட். மகளுக்குப் பரீட்சை, அதனால் நான் மட்டும். காசு கொடுத்துத் தரையில் படுப்பானேன் என்பது தங்கமணியின் கேள்வி. ஹோபார்ட் விமான நிலையத்தில் மோப்ப நாய் என் பையிலிருந்த ஒற்றை ஆரஞ்சுப் பழத்தைக் கண்டுபிடித்துவிட்டது. வெளியிலிருந்து பழம் கொண்டுவரக் கூடாதாம். இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்த மற்றவற்றையெல்லாம் நினைத்தால் இந்தக் கெடுபிடி கொஞ்சம் வேடிக்கைதான்.

போத்வெல், ஹோபார்ட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ரீட் தன் பண்ணைக்கு எடின்பரோ பக்கத்து ஊரின் பெயரையே வைத்தார்: ராத்தோ. கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். கிரீன்கள் வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கின்றன. ஆடுகள் உள்ளே வராமல் சுற்றிலும் வேலி போட வேண்டியிருந்தது, வேலிக்குச் சதுரம்தான் வசதி. புல் வெட்டும் வேலையை ஆடுகள் பார்த்துக்கொண்டன. இங்கே என் ஸ்கோரைச் சொல்லப் போவதில்லை :-)

சரி, அந்தப் புல் எங்கிருந்து வந்தது? ஆட்டுக்காரர்கள் காட்டை வெட்டி உண்டாக்கினார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. அவர்கள் வரும்போதே அங்கே திறந்த புல்வெளி இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பூர்வகுடிகள் பருவம் பார்த்துத் தீ வைத்து, இளம்புல் துளிர்க்கச் செய்து, கங்காருவை வரவழைத்து வேட்டையாடிய நிலம் அது. தீக்கோல் விவசாயம் என்று இதற்கு 1969-ல் பெயர் வைத்தவர் ரைஸ் ஜோன்ஸ் என்ற தொல்லியல் அறிஞர். போத்வெல் சுற்றுவட்டாரம் பிக் ரிவர் மக்களுடையது. தயாராக இருந்த மேய்ச்சல் நிலம் என்பதால்தான் குடியேறிகள் இங்கே இவ்வளவு வேகமாகப் பரவினார்கள். நிலம் அரசு மானியம், வேலைக்குக் கைதிகள். வேட்டை நிலம் போனவர்கள் பண்ணைகளைத் தாக்கினார்கள், பண்ணைக்காரர்கள் சுட்டார்கள். 1828 நவம்பரில் கவர்னர் ஜார்ஜ் ஆர்தர் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார்.

1830 அக்டோபரில் நடந்ததைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சிப்பாய், கைதி, குடியேறி எல்லாருமாகச் சுமார் 2,200 பேர் தீவின் குறுக்கே வரிசை கட்டி நின்று, புதரைக் கலைத்து முயல் விரட்டுவதுபோல் மக்களைத் தென்கிழக்கு மூலைக்கு விரட்டப் பார்த்தார்கள். கறுப்புக் கோடு என்று அதற்குப் பெயர். ஏழு வாரம் நடந்தது. பிடிபட்டவர்கள் இரண்டே பேர்.

துப்பாக்கியால் முடியாததைப் பேச்சால் முடித்தவர் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன். பிக் ரிவர், ஆய்ஸ்டர் பே மக்களில் மிஞ்சியவர்களைச் சமாதானம் பேசி 1832 ஜனவரி முதல் வாரத்தில் ஹோபார்ட்டுக்கு அழைத்து வந்தார். வழியில் போத்வெல். நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு வருவார்கள் என்று ஊர் பயந்துகொண்டிருந்தது. வந்தது 26 பேர்: 16 ஆண், 9 பெண், ஒரு குழந்தை. இத்தனை பேருக்காகவா அந்த 2,200? அவர்களைக் கப்பலேற்றி வடகிழக்கே ஃப்ளிண்டர்ஸ் தீவுப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே வைபலென்னா குடியிருப்பில் பெரும்பாலானோர் நோயில் மடிந்தார்கள்.

அன்றிரவு கூடாரத்துக்கு வெளியே பேடிமெலன் என்ற குட்டிக் கங்காரு இனம் ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதே புல்.

லான்செஸ்டனில் எனக்கு எதிர்பாராமல் கல்கத்தா கிடைத்தது. குவீன் விக்டோரியா அருங்காட்சியகத்தில் 'சிட்னி கோவ்' கப்பலின் மிச்சங்கள். 1796 நவம்பரில் நம்ம ஹூக்ளி நதியிலிருந்து சாராயமும் சரக்குமாகக் கிளம்பிய கப்பல். மாலுமிகளில் பெரும்பாலோர் லஸ்கர்கள். 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு வடகிழக்கே ஒரு தீவில் தரைதட்டியது. உதவி கேட்டுப் படகில் கிளம்பிய 17 பேர் ஆஸ்திரேலியக் கரையில் ஒதுங்கி சிட்னிக்கு நடந்தே போனார்கள். போய்ச் சேர்ந்தது மூன்று பேர், அதில் ஒருவர் லஸ்கர்.

அந்தப் பக்கம் கடல்நாய்கள் குவிந்து கிடக்கின்றன என்ற செய்தி இந்த விபத்தால்தான் பரவியது. உடனே தோல் வியாபாரிகள் படையெடுத்தார்கள், வடகிழக்குக் கரையிலிருந்து பூர்வகுடிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொடுமைதான். ஆனால் அந்தத் தீவுகளில் அந்தப் பெண்கள் வளர்த்த பிள்ளைகளின் வாரிசுகள்தான் இன்றைய டாஸ்மேனியப் பூர்வகுடிச் சமூகத்தில் பெரும்பகுதி. வடகிழக்குத் தலைவர் மன்னலார்கென்னா 1835-ல் வைபலென்னாவில் இறந்தார். அவர் மகள்களின் வழியில் வந்தவர்கள் இன்றும் அவரைப் பெயர் சொல்லி நினைக்கிறார்கள்.

பிரிட்போர்ட் அருகே பார்ன்பூகல் மைதானம் அதே வடகிழக்குக் கரையில். உருளைக்கிழங்கும் மாடும் வளர்த்த பண்ணையின் மணல் மேட்டில் 2004-ல் திறந்தது, 2010-ல் இரண்டாவதும் வந்துவிட்டது. உலகத் தரம் என்கிறார்கள். என் ஆட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். காற்று மட்டும் பந்தை மெரினாவில் பட்டம் மாதிரித் தூக்கிப் போகிறது.

கிழக்குக் கரையோரம் இறங்கி டனாலி என்ற குறுகிய நிலத்துண்டைத் தாண்டினால் டாஸ்மன் தீபகற்பம். கறுப்புக் கோடு மக்களை அடைக்க நினைத்த மூலை இதுதான். பிறகு போர்ட் ஆர்தர் கைதிகளை அடைத்தது. அங்கே பாயிண்ட் பியர் பக்கத்தில் 9 குழி மைதானம் ஒன்று உண்டு. ஒரு குழிக்குக் கடல் பிளவைத் தாண்டி அடிக்க வேண்டும். பாயிண்ட் பியர், 1834 முதல் 1849 வரை சிறுவர் சிறை. 9 வயதுப் பையன்கூட இருந்திருக்கிறான். அங்கே இரண்டு பந்து கடலுக்குப் போனது, மூன்றாவது எடுக்கத் தோன்றவில்லை.

கடைசி நாள் ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஆய்ஸ்டர் கோவ். வைபலென்னாவில் எஞ்சிய 47 பேரை 1847-ல் கொண்டுவந்து வைத்த இடம். அவர்களில் ட்ருகனினி 1876-ல் இறந்தார். 'கடைசி டாஸ்மேனியர்' என்று பொது அறிவுப் புத்தகங்கள் எழுதியது அவரைத்தான். என்னை ஒரு நாளும் புதைத்த இடத்திலிருந்து தோண்டாதீர்கள் என்று அஞ்சிய அவருடைய எலும்புக்கூட்டை ஹோபார்ட் அருங்காட்சியகம் 1947 வரை காட்சிக்கு வைத்திருந்தது. 1976-ல், நூறு வருஷம் கழித்து, தகனம் செய்து சாம்பலை எதிரேயுள்ள கடல்கால்வாயில் கரைத்தார்கள்.

மகளின் வினாடி வினாப் புத்தகத்திலும் அந்தக் 'கடைசி' கேள்வி இருந்தது. அன்று மாலை போனில் அதை அடிக்கச் சொன்னேன். ஏன் என்றாள். 1995-ல் அந்த ஆய்ஸ்டர் கோவைச் சட்டப்படி திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் யாராம் என்று கேட்டேன். அவர்கள் அதை இப்போது புட்டலினா என்று தங்கள் மொழியில் அழைக்கிறார்கள்.