பூட்டப்பட்ட பாடசாலைகள்

ஐக்கிய அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், விடுதலை பெற்றோரின் பிள்ளைகள் வெள்ளையரோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்கும் உரிமை அதனாற் கிட்டவில்லை. புகையிரதப் பெட்டிகள் பற்றிய வழக்கொன்றில், வசதிகள் சமமாயின் இனங்களைப் பிரித்து வைத்தல் தகும் என 1896இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்த்தது. தென்மாநிலங்களின் பாடசாலைகளுக்கும் இக்கொள்கையே அரணாயிற்று. பிரிவு நிலைத்தது, சமத்துவம் வாய்க்கவில்லை.

வேர்ஜீனியா மாநிலத்துப் பிறின்ஸ் எட்வேட் மாவட்டம் இதற்குத் தக்க சான்றாகும். அங்கே பாம்வில் நகரிற் கறுப்பின மாணவர்க்கென 1939இல் எழுந்த மோட்டன் உயர்தரப் பாடசாலை 180 பேருக்கே போதுமானது. 1951இல் 450க்கு மேற்பட்டோர் அங்கே பயின்றனர். இடம் போதாமையால், தார்த்தாள் போர்த்த கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. அவ்வாண்டு ஏப்பிரல் 23ஆந் தேதி, பாபரா யோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி சகமாணவரை மண்டபத்திற் கூட்டி, புதிய கட்டடம் கோரி வகுப்புகளைப் பகிஷ்கரிக்குமாறு தூண்டினாள். அவர்கள் நாடிய நியாயதுரந்தரர்களான ஒலிவர் ஹில், ஸ்பொற்ஸ்வூட் றொபின்சன் ஆகிய இருவரும், கட்டடம் கேட்பதை விடுத்துப் பிரிவினையையே எதிர்ப்பதாயின் வழக்கை ஏற்போம் என்றனர். மாணவரும் பெற்றோரும் அதற்கு இசைந்தனர்.

அவ்வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு சேர்த்து ஆராயப்பட்டது. பொதுக் கல்வியிற் பிரித்து வைத்தலே சமத்துவத்துக்கு மாறானது என 1954 மே 17இல் நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால், அதனை நிறைவேற்றும் வகை கூறிய 1955ஆம் ஆண்டுத் தீர்ப்புக் காலவெல்லை எதனையும் விதிக்கவில்லை. எதிர்ப்பாளர் இவ்விடைவெளியைத் தமக்கு வாய்ப்பாக்கினர்.

1959இல், இனி இரு இனத்தாரையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, மாவட்ட ஆட்சியினர் பணம் ஒதுக்க மறுத்தமையால் அரசாங்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. வெள்ளையருக்குத் தனியார் பாடசாலை எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுட் சிலர் அயலூர்களிலுள்ள உறவினரிடஞ் சென்று கற்றனர். தேவாலயங்களில் நடந்த சிறு வகுப்புகள் சிலருக்கு உதவின. பலர் எழுத்தறியாமலே வளர்ந்தனர். 1963இல் நன்கொடை கொண்டு இலவசப் பாடசாலைகள் தொடங்கப்பட்டன. 1964இல் உயர்நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னரே அரசாங்கப் பாடசாலைகள் திறந்தன.

1959இல் ஆறு வயதினனாய் முதலாம் வகுப்புக்குச் செல்லவிருந்த சிறுவன், இலவசப் பாடசாலை திறந்தபோது பத்து வயதை எட்டியிருந்தான். இவ்வாறு கல்வி இழந்தோர்க்கென வேர்ஜீனியா அரசு 2004இற் புலமைப்பரிசில் நிதியொன்றை ஏற்படுத்தியது. அப்போது அச்சிறுவனுக்கு வயது ஐம்பதைக் கடந்திருக்கும். நீதி வழங்கப்பட்டதை மட்டுமன்றி, அது தாமதித்த ஆண்டுகளையும் வரலாறு எண்ணுதல் வேண்டும். அவ்வாண்டுகளின் விலையைச் செலுத்தியோர் பிள்ளைகளே.