எரேமியா: துரோகி எனப்பட்ட தீர்க்கதரிசி

தன் நாடு பகைவராற் சூழப்பட்டிருக்கும் வேளையிலே, அப்பகைவருக்குப் பணிந்து உயிர் பிழைக்குமாறு கூறும் ஒருவனை உலகம் துரோகி என்றே அழைக்கும். கி. மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேம் நகரத் தலைவர்கள் எரேமியாவை அவ்வாறே கருதினர். ஆயினும், அந்நகரத்தாரின் வழித்தோன்றல்கள் அவருடைய வாக்குகளைத் தம் மறைநூலிற் சேர்த்துப் போற்றினர். அப்பழி பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எபிரேய மொழியில் 'நாபி' எனப்படுபவரையே நாம் தீர்க்கதரிசி என வழங்குகின்றோம். வருங்காலம் உரைப்பவர் என்னும் பொருள் அதற்கு ஒருபுடையே பொருந்தும். இறைவன் சார்பில் நின்று மன்னனுக்கும் மக்களுக்கும் அறம் உரைப்பவர் என்பதே அதன் தலையாய பொருள்.

எரேமியா, எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ மூன்று மைல் தொலைவிலுள்ள அனதோத் என்னும் சிற்றூரில், குருமார் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். யோசியா மன்னனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டாகிய கி. மு. 627 அளவில், இளம்பருவத்திலேயே இறைபணிக்கு அழைக்கப்பட்டார். வடக்கே இருந்த இஸ்ரவேல் அரசு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அசீரியரால் அழிந்துபோக, தெற்கே யூதா என்னும் சிற்றரசே எஞ்சியிருந்தது. கி. மு. 612இல் அசீரியத் தலைநகராகிய நினிவே வீழ்ந்தது. 609இல் யோசியா எகிப்தியரால் மெகிதோவில் மாண்டான். 605இல் பாபிலோனியனாகிய நேபுகாத்நேச்சார் கர்கேமிஸ் போரில் எகிப்தியரை முறியடித்தான். இரு பேரரசுகளுக்கு நடுவே அகப்பட்ட யூதா எப்பக்கம் சாய்வதென அறியாது தத்தளித்தது.

கி. மு. 701இல் அசீரியப் படையெடுப்புக்கு எருசலேம் தப்பியமையால், ஆலயம் உள்ளவரை நகர் அழியாது என்னும் நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியிருந்தது. எரேமியா ஆலய வாயிலில் நின்று அந்நம்பிக்கையை மறுத்தார். அந்நியரையும் அநாதைகளையும் கைம்பெண்களையும் ஒடுக்குவோருக்கு ஆலயம் அரணாகாது என்றார். இதற்காக அவர்மீது கொலைத்தண்டனை கோரப்பட்டது. முன்னர் மீகா என்னும் தீர்க்கதரிசி இவ்வாறே உரைத்தும் கொல்லப்படவில்லை என்று முதியோர் சிலர் எடுத்துக்காட்ட, சாப்பானின் மகன் அகீக்காமும் துணைநிற்க, அவர் உயிர் தப்பினார்.

கூலி கொடாது வேலை வாங்கி மாளிகை எழுப்பிய யோயாக்கீம் மன்னனையும் அவர் கடிந்துரைத்தார். அவர் வாக்குகளைப் பாரூக்கு என்னும் எழுத்தன் சுருளில் எழுதி, ஆலயத்திலே சாப்பானின் மற்றொரு மகனாகிய கெமரியாவின் அறையிலிருந்து மக்களுக்கு வாசித்தான். அச்சுருள் மன்னன் முன்னும் வாசிக்கப்பட்டது. குளிர்காலத்துக் கணப்பின் அருகே அமர்ந்திருந்த மன்னன், வாசிக்க வாசிக்க அதனை அறுத்து நெருப்பிலிட்டான். எரேமியா அவ்வாக்குகளை மீண்டும் எழுதுவித்தார். முன்னையினும் மிகுதியாகவே எழுதுவித்தார்.

கி. மு. 597 மார்ச்சு மாதத்தில் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றினான். 1956இல் வெளியிடப்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடொன்று இச்செய்தியை உறுதிப்படுத்துகின்றது. இளமன்னன் யோயாக்கீனும் பலரும் சிறைகொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் விரைவில் மீள்வர் என்று வேறு தீர்க்கதரிசிகள் இனிமையாகக் கூறினர். எரேமியாவோ, ஆங்கு வீடு கட்டித் தோட்டம் இட்டு, வாழும் நகரின் நலத்துக்காக மன்றாடுமாறு அவர்களுக்குத் திருமுகம் விடுத்தார்.

அடுத்த மன்னன் சிதேக்கியா கலகம் செய்தமையால் இறுதி முற்றுகை வந்தது. அச்சத்தால் அடிமைகளை விடுவித்த செல்வர், முற்றுகை சற்றுத் தளர்ந்ததும் அவர்களை மீண்டும் அடிமைகளாக்கினர். இத்தகைய நகரைப் போரினாற் காக்கவியலாது எனக் கண்டே எரேமியா சரணடையுமாறு கூறினார். வீரரின் கைகளைத் தளரச்செய்கின்றான் எனக் குற்றஞ்சாட்டி, அதிகாரிகள் அவரைச் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கினர். எத்தியோப்பியன் ஒருவன் அவரை மீட்டான். 1935இல் லாகீஸ் கோட்டையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மட்கல ஓடுகளுள் ஒன்றிலும் கைகளைத் தளரச்செய்தல் என்னும் இதே வழக்கு அதிகாரிகளைக் குறித்து வருகின்றது. அக்காலத்தில் இப்பழிச்சொல் எத்துணை வழங்கியது என்பதற்கு அது சான்றாகும்.

எரேமியா துரோகியா? இரு செய்திகள் இதற்கு விடை பகரும். முற்றுகையின்போது, காவலில் இருந்தபடியே, பகைவர் வசமிருந்த அனதோத்தில் உறவினன் ஒருவனின் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, உறுதியை மட்பாண்டத்தில் இட்டுவைத்தார். நாட்டிற்கு எதிர்காலம் உண்டென நம்பாதவர் இது செய்யார். மேலும், கி. மு. 586 அளவில் நகரும் ஆலயமும் எரிந்தபின், பாபிலோனுக்கு வந்தால் நன்கு பேணுவதாகப் படைத்தலைவன் கூறியும், அவர் பாழ்நிலத்தில் எஞ்சிய ஏழைகளோடு வாழவே விரும்பினார். விலைபோனவர் பரிசிலை மறுப்பாரோ? பின்னர் மக்களுட் சிலர் அவரையும் உடன்கொண்டு எகிப்துக்கு ஓடினர். அதன்பின் அவர் நாடு திரும்பியதாகச் செய்தியில்லை.

அரசும் ஆலயமும் அழிந்த பின்னரும் சமயம் வாழும் என்பதே அவர் விட்டுச்சென்ற செய்தி. இறைவன் தன் கட்டளையைக் கல்லிலன்றி மனிதர் உள்ளத்தில் எழுதுவான் என அவர் கூறினார். நாடிழந்த ஒரு மக்கட்கூட்டம் சிதறாது நின்றமைக்கு இக்கொள்கை பெருந்துணையாயிற்று.

1982இல் எருசலேமின் பழைய நகர்ப்பகுதியில் எரிந்த வீடொன்றை அகழ்ந்தோர், ஐம்பத்தொரு களிமண் முத்திரைகளைக் கண்டெடுத்தனர். அவற்றால் மூடப்பட்டிருந்த ஓலைகள் சாம்பலாயின. களிமண்ணோ அத்தீயிலேயே சுடப்பட்டு நிலைத்தது. அவற்றுள் ஒன்றிற் பொறிக்கப்பட்டிருப்பது சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர். பாரூக்கு சுருளை வாசித்த அறைக்குரியவனே இவன் என அறிஞர் பலர் கருதுவர். அச்சுருளை எரித்த மன்னனின் மாளிகை அழிந்தது. எரிக்கப்பட்ட சொல் இன்றும் வாசிக்கப்படுகின்றது.