தாத்தா பிடித்தது தோலுக்கு, அப்பா பிடித்தது விஷத்துக்கு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் இந்தப் பழமொழி செல்லாது! மண்ணில் பதிந்த தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே வளைக்குள் என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். கையில் ஒரு கடப்பாரை, கூடவே ஒரு துணிப்பை. அவ்வளவுதான் கருவி.

ஆனால் அந்தப் பாம்பைத் தாத்தா பார்த்த பார்வை வேறு, மகன் பார்த்த பார்வை வேறு, பேரன் பார்க்கும் பார்வை வேறு.

தாத்தா காலத்தில் பாம்பு என்றால் தோல். பிடித்து, உரித்து, வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். அது கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு போனது. உரித்தவருக்குக் கிடைத்தது சொற்பம். பாவமில்லையா என்று கேட்கலாம். அரிசி இல்லாத வீட்டில் யார் அதைக் கேட்பார்கள்?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை. தேவையான சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றம் என்றால் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? நிலமும் இல்லை, படிப்பும் இல்லை. வயல்களில் எலி பிடிப்பதும் கூலி வேலையும்தான் மிச்சம்.

இங்கேதான் கதை திரும்புகிறது. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு கொண்டுவர வேண்டும். மணல் போட்ட மண்பானையில் வைத்து, வாய்க்குத் துணி கட்டி, சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி வந்தால் எடுக்கமாட்டார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது.

யாரும் உபதேசம் செய்து மகனை மாற்றவில்லை. செத்த பாம்புக்கு ஒரே ஒரு தடவைதான் காசு. உயிரோடு விட்ட பாம்பு குட்டி போடும், முட்டையிடும், அடுத்த வருடமும் வயலில் பாம்பு இருக்கும். கணக்கு அவ்வளவு எளிது. இதிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறைதான் அனுமதி தர வேண்டும். அனுமதி தாமதமானால் பானைகள் காலியாகவே இருக்கும்.

பேரன் பள்ளிக்கூடம் போகிறான். கடி வாங்கும் தொழில் பிள்ளைக்கு வேண்டாம் என்று அப்பாவே நினைத்தால் அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் தடம் பார்க்கும் வித்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அதைச் சிறுவயதில் பெரியவர்களோடு வயலுக்குப் போய்த்தான் கற்றார்கள். 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்ட இருவரும், இரண்டே வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.