ஜிலேபி மீன் வந்த வழி

தூர்வாரிய நம் குளத்தில் மீன்குஞ்சு விடலாம் என்று உறுப்பினர்கள் பலர் சொல்லி வருகிறார்கள். கொசுப்புழு குறையும், குழந்தைகளும் வேடிக்கை பார்ப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எளிதாகக் கிடைக்கிறதே என்று ஜிலேபியை விடுவதற்கு முன் அதன் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

ஜிலேபிக் கெண்டை என்று விற்கிறார்களே தவிர, இது கெண்டையே அல்ல. திலாப்பியா என்பது பெயர். பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. 1930களின் இறுதியில் ஜாவா தீவில் தென்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மலிவாகப் புரதம் தரும் மீன் என்று ஆசிய நாடுகள் பலவும் இதை வரவழைத்தன. இந்தியாவுக்கு 1952இல் இலங்கையிலிருந்து வந்தது. ஏழை வீட்டுக் குழம்புக்கு அது உதவியது என்பதை மறுக்க முடியாது.

சிக்கல் குளத்துக்குள் தொடங்கியது. கட்லாவும் ரோகுவும் மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தில்தான் இயல்பாக முட்டையிடும். தேங்கிய குளத்தில் இடாது. ஜிலேபியோ இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, வருடத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் சேதம் குறைவு. பாசி, புழு, மக்கிய இலை என்று எதையும் தின்னும். மற்ற மீன்களின் குஞ்சுகளையும் விடாது. இப்படிப் பெருகிப் பெருகிக் கடைசியில் தனக்கே இரை போதாமல், உள்ளங்கை அளவுக்கு மேல் வளராத மீன்களாகக் குளம் நிறைந்துவிடும். மீன்வள ஆராய்ச்சிக் குழு 1959இல் இதைப் பரப்பத் தடை விதித்தது. ஏழே வருடம்தான், அதற்குள் ஏரிகளிலும் அணைகளிலும் இறங்கிவிட்டது. அமராவதி அணையில் வலையில் விழுவதில் பெரும்பங்கு ஜிலேபி என்ற நிலையும் வந்தது.

இதை அடக்கக்கூடியது விரால். ஜிலேபிக் குஞ்சுகளை விரட்டித் தின்னும். ஆனால் சந்தையில் விராலுக்குத்தானே விலை! குளத்தை விட்டு முதலில் போவதும் அதுதான்.

நம் குளம் தனிக்குளம் அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கனமழையில் கலங்கல் வழிந்தால் தண்ணீர் ஏரிக்குப் போகிறது. மீனும் கூடவே போகும். கொசுப்புழுதான் கவலை என்றால், தலையில் வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்தில் நீந்தும் சின்ன மீன் நம் வயல் வாய்க்கால்களிலேயே இருக்கிறது. அதுவும் கொசுப்புழுவைத் தின்னும். அடுத்த கூட்டத்தில் மீன் விடும் பேச்சு வரும்போது, எந்த மீன் என்று கேட்டுவிட்டுக் கை தூக்குங்கள்.