ஆட்டமும் பாடமும்

நம் பிள்ளைகள் காலையில் மதரஸாவில் ஓதுகிறார்கள். பகலில் பள்ளியில் படிக்கிறார்கள். மாலையில் டியூஷனுக்குச் செல்கிறார்கள். இடையில் சற்றே விளையாடினால், படிப்பு கெட்டுவிடும் என்று அதட்டுகிறோம். நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூ உமைரிடம், அவர் விளையாடிய குருவியைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதை இன்னும் விரிவாக விளக்கினார்கள். பாடம் முடிந்த பிள்ளையைக் களைப்புத் தீர நல்ல விளையாட்டு விளையாட விடவேண்டும். ஓயாமல் படிக்கச் சொல்லி வருத்தினால் உள்ளம் வாடும், அறிவு மழுங்கும், படிப்பிலிருந்து தப்பவே பிள்ளை வழிதேடும் என எச்சரித்தார்கள்.

இமாம் அவர்கள் பாடத்திற்குப் பின் ஆட்டத்தை வைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் பிரெடெரிக் ஃபுரோபெல் ஆட்டத்தையே பாடமாக்கினார். நூற்பந்து, மரக்கட்டைகளைக் கொண்டு வடிவத்தையும் எண்ணையும் குழந்தைகள் கையால் உணர்ந்தனர். மழலையர் பள்ளிகள் இவ்வாறே தோன்றின.

நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியும் அத்தகைய பாடநூலே. அரபு நாடுகளில் 'மன்கலா' எனப்படுவதும் இவ்வகை ஆட்டமே. அதன் 14 குழிகளில் சோழிகளைப் பகிர்ந்திடும் பிள்ளை, கூட்டலையும் கழித்தலையும் அச்சமின்றிக் கற்கிறது. தன் முறை வரும்வரை பொறுக்கவும் பழகுகிறது.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதையேனும் நம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்போம். கல்வியை வெறுத்து ஓடாமல், விரும்பி நாடி வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.