ஊசித்துளைகளில் பிறந்த முகம்

லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் எட்டரை அடி உயரத்துக்கு ஒரு காகிதப் படம் இருக்கிறது. பல தாள்களை ஒட்டிச் சேர்த்து, கறுப்பு மையாலும் நீர்வண்ணத்தாலும் தீட்டிய படம். கால்களை அகட்டி ஊன்றி, அகன்ற தோள்களோடு, ஒரு கையில் கையுறையும் மறு கை குறுவாளின் அருகிலுமாக எட்டாம் ஹென்றி நிற்கிறார். அவருக்குப் பின்னால் தந்தை ஏழாம் ஹென்றி. கொஞ்சம் நெருங்கிப் போனால்தான் இன்னொன்று கண்ணில் படும். முகத்தின் விளிம்பு, தாடி, ஆடையின் மடிப்பு என்று கோடு போன வழியெல்லாம் வரிசை வரிசையாக ஊசித்துளைகள்.

துளையிட்ட தகட்டின் மேல் மாவைத் தூவிக் கோலம் போடுகிறோம் அல்லவா, ஏறத்தாழ அதே வேலைதான் இது. துளையிட்ட தாளைச் சுவரில் ஒட்டவைத்து, மெல்லிய துணியில் கரித்தூளைப் பொட்டலமாகக் கட்டி அதன் மேல் தட்டுவார்கள். தாளை எடுத்தால் சுவரில் புள்ளிகள் நிற்கும். புள்ளிகளை இணைத்தால் மன்னர். இங்கிலாந்தின் அரசர்களையும் அரசவையினரையும் இன்று நாம் எந்த முகத்தோடு நினைவில் வைத்திருக்கிறோமோ, அந்த முகங்களில் பல இப்படித்தான் பிறந்தன. நேரில் பார்த்து வரைந்தது ஒருமுறை. அந்த வரைவிலிருந்து பிரதி எடுத்தது பலமுறை.

அந்தக் காகிதத்தை வரைந்தவர் ஹான்ஸ் ஹோல்பைன். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொழில் செய்தவர். 1526இல் அறிஞர் எராஸ்மஸின் சிபாரிசோடு லண்டனுக்கு வந்து அரசவை ஆலோசகர் தாமஸ் மோரின் ஆதரவைப் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பி, 1532இல் மறுபடியும் வந்தார். 1536 வாக்கில் மன்னரின் ஓவியராகிவிட்டார்.

மறு ஆண்டே ஒயிட்ஹால் அரண்மனையின் அந்தரங்க அறையில் ஒரு பெரிய சுவரோவியம் எழுந்தது. அதற்கான மாதிரித்தாளின் இடப்பாதிதான் மேலே சொன்ன படம். வலப்பக்கத்தில் ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோரும் தாய் எலிசபெத்தும் இருந்தார்கள். தாய் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தந்தை இறந்து 28 ஆண்டுகள். இருந்தும் நால்வரும் ஒரே மண்டபத்தில் கூடி நின்றார்கள். நடுவில் ஒரு கல்மேடை. அதில் தந்தை பெரியவரா மகன் பெரியவரா என்று வினவி, மகனின் பக்கம் சாயும் லத்தீன் வரிகள்.

அந்த ஓவியம் எழுந்த வேளையைப் பார்க்க வேண்டும். 1536 ஜனவரியில் குதிரைப் போட்டியில் ஹென்றி பலமாக விழுந்திருந்தார். காலில் ஆறாத புண். மே மாதம் இரண்டாம் மனைவி ஆன் பொலினின் தலை வெட்டப்பட்டது. ஆண்டின் பின்பாதியில் வடக்கே பெரும் கிளர்ச்சி. ஆண்வாரிசு எட்வர்ட் பிறந்ததே 1537 அக்டோபரில்தான். உடலும் அரசும் ஆட்டம் கண்ட ஒரு மனிதரைத்தான் ஹோல்பைன் தூண் போல நிறுத்திக் காட்டினார். அந்தச் சுவருக்கு எதிரே நின்றவர்கள் கூசிக் குறுகிப்போனார்கள் என்று 1604இல் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய காரல் வான் மாண்டர் குறித்திருக்கிறார்.

காகிதத்தில் ஹென்றியின் முகம் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. சுவரைப் பார்த்து எடுத்த பிரதிகளிலோ அவர் நேருக்கு நேர் நம்மைப் பார்க்கிறார். தாளிலிருந்து சுவருக்குப் போகும் இடைவெளியில் அந்த முகத்தைத் திருப்பிவிட்டார்கள். பார்ப்பவரை விட்டு விலகாத அந்தப் பார்வைதான் பின்னர் நாடெங்கும் பரவியது. பிரபுக்கள் தங்கள் விசுவாசத்தைக் காட்ட அதே நிற்பையும் அதே பார்வையையும் பிரதி எடுத்துத் தத்தம் மாளிகைகளில் மாட்டினார்கள். லிவர்பூலின் வாக்கர் கலைக்கூடத்தில் இருக்கும் முழுஉருவப் படம் அப்படி ஒரு பிரதி.

1698 ஜனவரி 4ஆம் தேதி, துணி உலர்த்த மூட்டிய தீ பற்றிக்கொண்டு ஒயிட்ஹால் அரண்மனை எரிந்தது. சுவரும் ஓவியமும் போயின. 1667இல் இரண்டாம் சார்லஸுக்காக ரெமிகியஸ் வான் லீம்புட் எடுத்த சிறிய பிரதி தப்பியது. துளையிட்ட அந்தப் பாதித் தாளும் தப்பியது. ஹோல்பைன் தம் கையால் தீட்டிய ஹென்றி என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் வண்ண ஓவியம் இன்று ஒன்றே ஒன்று. மாட்ரிட்டின் தைசன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஓரடிகூட இல்லை.

மன்னர் மட்டுமல்ல, அவரைச் சுற்றியிருந்தவர்களும் ஹோல்பைனின் முன்னால் உட்கார்ந்தார்கள். விண்ட்சர் அரண்மனையின் சேகரிப்பில் அப்படி வரைந்த தாள்கள் எண்பதுக்கும் மேல். பலவற்றில் தாளுக்கு இளஞ்சிவப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார். அதுவே தோலின் நிறமாகிவிடுகிறது. வண்ணச் சுண்ணக்கட்டியால் கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்பு, மயிருக்குக் கொஞ்சம் பழுப்பு, கடைசியில் கண்ணிமைக்கும் உதட்டுக்கும் கூர்மையான மைக்கோடு. உட்கார்ந்திருப்பவர் பெரிய மனிதர். மணிக்கணக்கில் காத்திருக்க மாட்டார். முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆடைக்குத் தன் தாய்மொழியான ஜெர்மனில் குறிப்பு எழுதி வைப்பார். வில்லியம் பார் என்ற பிரபுவின் தாளில் இங்கே வெள்ளை வெல்வெட், இங்கே ஊதா வெல்வெட், இங்கே வெள்ளை சாட்டின் என்று எழுதியிருக்கிறது. பட்டறைக்குப் போய் நிதானமாக வண்ணம் ஏற்ற அது போதும்.

அந்த வேகத்துக்கு ஒரு சாட்சி உண்டு. ஜேன் சீமோர் இறந்தபின் ஹென்றிக்குப் பெண் தேடினார்கள். மிலன் கோமகனின் விதவை, 16 வயது கிறிஸ்டினாவை வரைய ஹோல்பைன் பிரஸ்ஸல்ஸுக்குப் போனார். 1538 மார்ச் 12ஆம் தேதி கிடைத்தது மூன்று மணி நேரம். அதை வைத்து அவர் தீட்டிய ஆளுயரப் படம், கறுப்புத் துக்க உடையில் நிற்கும் அந்தப் பெண், இன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில். சம்பந்தம் கைகூடவில்லை. ஆனால் ஹென்றி அந்தப் படத்தைச் சாகும்வரை தன்னிடமே வைத்திருந்தார்.

அடுத்த ஆண்டு கிளீவ்ஸ் நாட்டு ஆன். பெண்பார்க்கும் படலமே ஓவியர் வழியாக நடந்தது. டூரன் நகரில் ஹோல்பைன் அவரைத் தோல்தாளில் வரைந்தார். படம் இப்போது பாரிஸின் லூவரில். வரைவு அச்சு அசலாக இருப்பதாகத் தூதர் நிக்கலஸ் வாட்டன் எழுதியனுப்பினார். 1540 புத்தாண்டு நாளில் ராசெஸ்டரில் ஆனை நேரில் கண்ட ஹென்றிக்கு மனம் ஒப்பவில்லை. ஜனவரி 6இல் நடந்த திருமணம் ஜூலையில் ரத்தானது. இந்தச் சம்பந்தத்தை முன்னின்று நடத்திய அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் மீது எதிரிகள் பாய்ந்தார்கள். ஜூலை 28இல் அவர் தலை வீழ்ந்தது. படத்தின் மீது பழி போட்டுப் பேசுவது இன்றும் வழக்கம். ஆனால் ஹோல்பைன் தண்டிக்கப்படவில்லை, 1543இல் இறக்கும்வரை லண்டனில்தான் இருந்தார். ஆன் அரண்மனைகளும் வருமானமும் பெற்று 1557வரை வாழ்ந்தார்.

கிராம்வெல்லையும் ஹோல்பைன் தீட்டியிருக்கிறார். 1535இல் தலை வெட்டப்பட்ட தாமஸ் மோரையும் தீட்டியிருக்கிறார். ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்ற அந்த இருவரின் படங்களும் நியூயார்க்கின் ஃப்ரிக் மாளிகையில் ஒரே கணப்பு அடுப்பின் இருபுறமும் எதிரெதிரே தொங்குகின்றன. மோரின் கன்னத்தில் மழிக்காத தாடிமுள் தெரிகிறது; சிவப்பு வெல்வெட் கை பளபளக்கிறது. கிராம்வெல் கண்ணை இடுக்கி எங்கோ பார்க்கிறார்.

ஹென்றியின் மகள் முதலாம் எலிசபெத் 1558இல் அரியணை ஏறியபோது, முகத்தை ஆள்வதே ஆட்சியின் ஒரு வேலையாகிவிட்டது. அரசியின் படத்துக்குக் கிராக்கி அதிகம். கைக்கு வந்தபடி வரைந்து விற்றார்கள். 1563இல் அமைச்சர் வில்லியம் செசில் ஓர் ஆணையின் வரைவை எழுதினார். தேர்ந்த ஓவியர் ஒருவர் அரசியை நேரில் பார்த்து மாதிரி ஒன்றைத் தீட்டட்டும். அதுவரை யாரும் வரையக் கூடாது. பிறகு அந்த மாதிரியைப் பார்த்து மற்றவர்கள் வரையலாம். இதுதான் அதன் சாரம். 1596இல் அரசவைக் குழு ஒருபடி மேலே போனது: அரசியின் மனத்தைப் புண்படுத்தும் அவலட்சணமான படங்களைத் தேடி அழிக்க உத்தரவிட்டது.

மாதிரி முகம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1575 வாக்கில் தீட்டப்பட்ட டார்ன்லி ஓவியத்தில் இருக்கும் முகம், அடுத்து வந்த பல படங்களில் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. எலிசபெத் என்றதும் சுண்ணாம்பு வெளுப்பில் ஒரு முகம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் டார்ன்லி ஓவியத்தை அறிவியல் கருவிகளால் ஆராய்ந்தபோது, கன்னத்தில் ஏற்றியிருந்த சிவப்புச் சாயம் ஒளிபட்டு மங்கிப்போனது தெரிந்தது. தீட்டிய நாளில் அந்த முகத்தில் இரத்த ஓட்டம் இருந்தது. இன்று பழுப்பாகத் தெரியும் ஆடை வேலைப்பாடும் அன்று செக்கச்சிவப்பு.

பெரிய படங்கள் ஊருக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்றோவியங்கள் நெருங்கியவர்களுக்கு. அதில் மன்னன் நிக்கலஸ் ஹில்லியர்ட், எக்சிட்டர் நகரப் பொற்கொல்லரின் மகன், தானும் பொற்கொல்லர் பட்டறையில் பயின்றவர். மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டின் சீட்டில் ஒட்டி அதன் மேல் வரைவார். தூரிகைக்கு அணில் மயிர். வண்ணம் குழைக்கச் சிப்பி. வெள்ளிப் பூச்சை மினுக்குவதற்குக் கீரியைப் போன்ற சிறு விலங்கின் பல். மாணிக்கக் கல் வேண்டுமென்றால், மினுக்கிய வெள்ளியின் மேல் சிவப்பேற்றிய பிசினைச் சூடான ஊசி முனையால் ஒரு சொட்டு வைப்பார். முத்துக்கு வெள்ளைப் புள்ளியைப் புடைப்பாக வைத்து அதன் உச்சியில் துளி வெள்ளி. அந்த வெள்ளியெல்லாம் நாளடைவில் கறுத்துவிட்டதால், அன்று மின்னிய முத்துகளின் நெற்றியில் இன்று கரும்பொட்டு நிற்கிறது. வெயில் விழும் தோட்டத்துப் பாதையில், நிழலே விழாத இடமாகப் பார்த்து அரசி உட்கார்ந்ததை ஹில்லியர்டே எழுதி வைத்திருக்கிறார். அவர் வரைந்த முகங்களில் நிழல் அரிது.

இப்படிப்பட்ட ஒரு சிறு படத்தை அரசி எப்படி வைத்திருந்தார் என்பதை 1564இல் ஸ்காட்லாந்துத் தூதராக வந்த ஜேம்ஸ் மெல்வில் சொல்லியிருக்கிறார். பள்ளியறைக்குள் அழைத்துப் போய் ஒரு சிறிய அலமாரியைத் திறந்தார் அரசி. உள்ளே சிற்றோவியங்கள், ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி, மேலே அவர் கையாலேயே பெயர் எழுதி. முதலில் எடுத்தது ‘என் பிரபு’ என்று குறித்திருந்த, அரசிக்கு நெருக்கமான ராபர்ட் டட்லியின் படம். மெல்வில் மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். ஸ்காட்லாந்து அரசி மேரிக்குக் கொடுக்கலாமே என்று கேட்டார். இருப்பது ஒன்றுதான் என்று மறுத்துவிட்டார் எலிசபெத்.

வயது ஏற ஏற, படத்து முகம் இளமைக்குத் திரும்பியது. ஹாட்ஃபீல்டு மாளிகையில் இருக்கும் வானவில் ஓவியம் 1600ஐ ஒட்டித் தீட்டியது. அரசிக்கு அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. படத்திலோ கூந்தல் தோளில் புரளும் இளம்பெண். மேலாடை முழுக்கக் கண்களும் காதுகளும், இடக்கையில் பின்னிக் கிடக்கும் பாம்பு, வலக்கையில் வானவில், சூரியன் இன்றி வானவில் இல்லை என்ற லத்தீன் வாசகம்.

அரசர் வரிசை முழுவதையும் மாளிகையின் நீண்ட கூடத்தில் மாட்டி வைப்பது அந்தக் காலத்தில் பரவிய பழக்கம். அதற்காகப் பழைய மன்னர்களுக்கும் முகம் தேவைப்பட்டது. 1485இல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டுக்கு, உயிரோடிருந்தபோது வரைந்த படம் ஏதும் எஞ்சவில்லை. அரச சேகரிப்பில் உள்ள அவருடைய படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, முதலில் வரைந்திருந்த தோளைப் பின்னால் ஒருவர் உயர்த்தித் தீட்டியிருப்பது தெரிந்தது. 2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்தில் அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. கூனோ சூம்பிய கையோ இல்லை.

ஆன் பொலினுக்கு நேர்ந்தது வேறு. அவர் வாழ்ந்த காலத்து வண்ண ஓவியம் என்று ஐயமின்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. 1534இல் வார்த்த ஈயப் பதக்கம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உண்டு, மூக்கு தேய்ந்துபோய்விட்டது. கழுத்தில் ‘பி’ எழுத்துப் பதக்கத்தோடு எல்லோருக்கும் தெரிந்த அந்தப் படம், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, மகள் எலிசபெத்தின் ஆட்சியில் எடுத்த பிரதி. ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பாரின் ஆளுயரப் படம் ஒன்று நெடுங்காலம், சில நாட்களே அரசியாக இருந்த ஜேன் கிரே என்ற பெயரில் தொங்கியது. அதிலிருந்த கிரீட வடிவ நகை கேத்தரினின் நகைப்பட்டியலில் இருந்தது தெரிந்த பிறகே 1990களில் பெயர் மாறியது.

இவற்றையெல்லாம் பார்த்துவந்த கண்ணுக்கு, லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிற்றோவியம் தனியாகப் படும். ஹில்லியர்டிடம் பயின்ற ஐசக் ஆலிவர் 1590களின் தொடக்கத்தில் எலிசபெத்தைப் பார்த்து வரைந்தது. அரசிக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. பிரதி எடுப்பதற்கான மாதிரியாக வைத்துக்கொள்ள வரைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அடுத்து வந்த படங்களில் பெரும்பாலானவை அந்த முகத்தை எடுத்துக்கொள்ளாமல் இளமை முகத்துக்கே போய்விட்டன. ஆலிவரின் தோல்தாளில் ஒடுங்கிய கன்னமும் கூர்ந்த மூக்கும் கண்ணுக்கடியில் தளர்ந்த தோலும் முழுமையாக முடிந்திருக்கின்றன. கழுத்துக்குக் கீழே வண்ணம் ஏறாத வெறும் கோடுகள்.